கண் திறக்காத அணில் பிள்ளைகள்: பசும்பாலை நிறுத்துங்கள்

ஏசி பெட்டிக்குப் பின்னால் இருந்த கூடு கலைந்து இரண்டு அணில் பிள்ளைகள் விழுந்துவிட்டன, கண்கூடத் திறக்கவில்லை, பசும்பால் கொடுத்ததில் வயிற்றுப்போக்கு, குளிப்பாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். குளிப்பாட்டாதீர்கள், உடம்பு சில்லிட்டுவிடும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், போதும்.

பசும்பாலை இப்போதே நிறுத்துங்கள். முதலில் சூடு, அப்புறம்தான் ஆகாரம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். உடம்பு கதகதப்பானதும் ஓஆர்எஸ் கரைசல். பிறகு கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாய்க்குட்டிக்கான பால் பவுடர். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில், குப்புறப் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் குமிழி வந்தால் நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். பலருக்கும் தெரியாத ஒன்று: ஊட்டி முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல வருடவேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர் போகாது.

கையுறை போடுங்கள், தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவி டாக்டரைப் பாருங்கள்.

தாய் அங்கேயே சுற்றினால், பிள்ளைகள் தேறியதும் பகலில் பெட்டியைக் கூடு இருந்த இடத்தருகே, காக்காய்க்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள். மனித வாடை பட்டால் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா.