எழுதி வைத்தால் போதுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

குலசேகரம் என் ஊர். நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கான பில்லிங் புரோகிராம் என் பொறுப்பில் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எழுதப்பட்டது. எழுதியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. தடித்த விளக்க ஆவணம் ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதை வரி விடாமல் படித்துவிட்டேன். ஆனாலும் ஓரிடத்தைத் திருத்தினால் வேறோரிடம் உடைகிறது. "எல்லாம் எழுதித்தானே வைத்திருக்கிறது, படித்தால் புரியாதா?" என்று மேலாளர் கேட்கிறார். எனக்கு இந்த வேலைக்கான மூளை இல்லையோ என்று தோன்றுகிறது. அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. என்னைப் படிக்க வைக்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் வீட்டில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நிரலாக்கம், வேலை, அறிவியல் பற்றி அண்மையில் நிறைய வாசிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் எனக்குப் பயன்படுவது ஏதாவது உண்டா?

ஷீபா

அன்புள்ள ஷீபா,

உங்கள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. எழுதி வைத்திருந்தால் போதும் என்ற உங்கள் மேலாளரின் நம்பிக்கைதான் தவறு. பீட்டர் நௌர் அதை 1985-லேயே தெளிவாக எழுதிவிட்டார்.

அவர் டென்மார்க்காரர். வானியல் படித்துவிட்டுக் கணினிக்கு வந்தவர், கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2005-க்காகப் பெற்றவர். நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதும் முறை ஒன்றைக் கல்லூரியில் பேக்கஸ்-நௌர் வடிவம் என்று படித்திருப்பீர்களே, அதே நௌர்தான். தம் கட்டுரையில் அவர் ஒரு நிகழ்வைச் சொல்கிறார். ஒரு குழு ஒரு நிரல்மொழிக்குக் கம்பைலர் (அந்த மொழியில் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல்) எழுதியது. அதை விரிவாக்கி வேறொரு கணினியில் ஓட்ட இன்னொரு குழு விரும்பியது. முதல் குழு நிரலையும் விளக்கக் குறிப்புகளையும் முழுமையாகக் கொடுத்தது, நேரில் ஆலோசனையும் சொன்னது. அப்படியிருந்தும் இரண்டாம் குழு முன்வைத்த திருத்தங்கள் பல, நிரலின் உள்கட்டமைப்பைப் பயன்படுத்தாமல் மேலே ஒட்டுப்போடுபவையாக இருந்தன. அந்தக் கட்டமைப்புக்குள்ளேயே எளிய வழி இருப்பது முதல் குழுவினருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பிற்காலத்தில் அவர்களுடைய தொடர்பும் இல்லாமல் வேறு ஆட்கள் அதே கம்பைலரை வளர்த்தபோது, பழைய கட்டமைப்பின் தடம் தெரிந்தாலும் அதன் வலிமை போய்விட்டிருந்தது.

நௌர் சொல்வது இதுதான்: நிரலை எழுதுகிறவர்களின் மனத்தில் அந்த வேலையைப் பற்றிய ஒரு முழுப் புரிதல் உருவாகிறது. இது ஏன் இப்படி இருக்கிறது, நாளை ஒன்று மாறினால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் புரிதலுக்குள் அடக்கம். நிரலும் ஆவணமும் அதன் ஒரு பகுதியைத்தான் தாங்கும். அந்த மனிதர்கள் கலைந்து போனால் நிரல் இறந்துவிடுகிறது என்கிறார், அது கணினியில் ஓடிக்கொண்டிருந்தாலும்.

அறிவியலிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒருவகை லேசர் கருவியை ஆய்வகங்கள் எப்படிக் கட்டக் கற்றுக்கொண்டன என்பது அவருடைய கேள்வி. அச்சில் வந்த விவரங்களை மட்டும் வைத்து அதைக் கட்டி முடித்தவர் ஒருவரைக்கூட அவர் சந்திக்கவில்லை. கட்டியவர்கள் எல்லோருக்கும், ஏற்கெனவே கட்டிய ஒருவருடன் தொடர்பு இருந்தது. மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குப் போகும் ஒரு கம்பி குட்டையாக இருந்தால்தான் அந்த லேசர் வேலை செய்யும். அந்த நீளம் முக்கியம் என்பதே பலருக்குத் தெரியாது. முக்கியம் என்று தெரியாத ஒன்றை யார் எழுதி வைப்பார்?

ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1996-இல் வந்தது. நிறுவனம் அவர்களுக்கு விரிவான கையேடு கொடுத்திருந்தது. ஆனால் ஒரு இயந்திரம் காட்டிய பிழை எண் ஒன்று, உண்மையான பழுது வேறொன்று. இருவர் அதன் முன் நெடுநேரம் உட்கார்ந்து, முன்பு பார்த்த பழுதுகளை ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லிச் சொல்லித்தான் காரணத்தைப் பிடித்தார்கள். அலுவலகத்தில் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கப்படுவதில் எவ்வளவு வேலை நடக்கிறது பாருங்கள்.

உங்கள் அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழாய்கள், பட்டையின் உட்பக்கத்தில், மரத்தைப் பருக்க வைக்கும் மெல்லிய அடுக்கான வளர்திசுவை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி அதன் அருகில் வரை போனால்தான் சிரட்டை நிறையும். நூலளவு கூடுதலாக இறங்கி வளர்திசுவில் பட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அங்கே சீராக வெட்ட முடியாது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே வலம் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும் விடியற்காலையிலேயே வேலை தொடங்க வேண்டும். நான் எழுதிய இத்தனையும் சரி. இதைப் படித்துவிட்டு நானே கத்தியெடுத்து இறங்கினால் தோட்டக்காரர் தலையில் கைவைத்துக்கொள்வார். மரத்துக்கு மரம் மாறும் பட்டையின் தடிமனை அப்பாவின் கை அறிகிறது. அது, தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, மரம் மரமாக வெட்டி வந்தது.

நௌருடன் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆவணத்தை மட்டும் கொண்டு பழைய நிரலை உயிர்ப்பிக்க முடியாது, அதைவிடப் புதிதாக எழுதுவது மேல் என்பது அவர் கருத்து. தினமும் பில் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனத்திடம் போய் அப்படிச் சொல்ல முடியாது. புரிதலில் ஒரு பகுதியையாவது ஆட்களிடமிருந்து மீட்கலாம் என்றே நினைக்கிறேன். விலகிச் சென்றவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். இந்த நிரல் என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள், அது ஆவணத்திலேயே இருக்கும். சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வரி போட்ட பிறகு தள்ளுபடி கழிக்கப்படுகிறது என்றால், அது ஏன், யார் கேட்டு வந்தது, வேறு எப்படிச் செய்து பார்த்துக் கைவிட்டார்கள் என்று கேளுங்கள். அந்த வியாபார நிறுவனத்தில் நெடுநாள் கணக்கு எழுதுகிறவரிடமும் பேசுங்கள். பாதி விடை அவரிடம் இருக்கலாம். கிடைக்கும் காரணங்களை நிரலிலேயே, அந்தந்த வரிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரல் எழுதித் தருகிறது. அப்படி வரும் நிரலை யாரும் மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் அப்படியே சேர்த்துக்கொண்டே போனால், உங்களுக்கு இன்று நேர்ந்திருப்பது பிறந்த நாளிலிருந்தே எல்லா நிரல்களுக்கும் நேரும். ஆட்களை மாற்றுவதை நாற்காலி மாற்றுவதாக நினைக்கும் நிறுவனங்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மூன்றில் நௌரின் கட்டுரையை முதலில் படியுங்கள். சிறியது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முடிந்தால் மேலாளரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். கம்பைலர் கதை வரும் பக்கத்தை மட்டும் அவர் படித்தால்கூடப் போதும்.

அன்புடன்,
அக்கா