வீட்டுக் கணினியை வவுனியாவிலிருந்து இயக்கலாமா?

கேள்வி: வீடு கிளிநொச்சியில், வேலை வவுனியாவில். வீட்டுக் கணினியை இங்கிருந்தே திறக்க முடியுமா? விண்டோஸ் ஹோம், 4ஜி றவுட்டர்.

பதில்: தாராளமாக முடியும். விண்டோஸ் ஹோமில் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து கணினியை இயக்குவது) இணைப்பை ஏற்கும் வசதி இல்லை, புரோ போன்ற பதிப்புகளில்தான் உண்டு, ஆனால் அதற்காகக் காசைச் செலவழிக்காதீர்கள், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம். வீட்டுக் கணினியில் உங்கள் கூகுள் கணக்கோடு அதை நிறுவி, குறைந்தது 6 இலக்க பின் எண் கொடுங்கள், 4ஜியிலும் வேலை செய்யும். யாராவது றவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான இணைப்பு வாசலைத் திறக்கச் சொன்னால் கேட்கவே வேண்டாம், கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையப் பார்க்கிறவர்கள் தட்டும் கதவு அது. அப்புறம், கணினி ஸ்லீப்புக்குப் போனால் இணைப்புக் கிடைக்காது, பவர் அமைப்பில் 'நெவர்' என்று வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக இயங்கும் தெரிவு பல மேசைக் கணினிகளின் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.