கேள்வி – பதில்: காயில் மேல் ஏன் சென்டிமீட்டர்?

கேள்வி: 1920-களின் ஜெர்மன் ரேடியோ வரைபடம் ஒன்றில் டியூனிங் காயிலுக்கு 2,00,000 செ.மீ. என்றும், அதோடு சேரும் வேரியபிள் கண்டென்சருக்கு 500 செ.மீ. என்றும் போட்டிருக்கிறது. செ.மீ.யை 1.11-ஆல் பெருக்கவேண்டும் என்று கேள்விப்பட்டு, 222 மைக்ரோஹென்றிக்குக் காயில் சுற்றினேன். ஸ்டேஷன்கள் டயலில் இடம் தள்ளி விழுகின்றன. எங்கே தப்பு?

பதில்: இரண்டும் ஒரே செ.மீ. இல்லை, அங்கேதான் சறுக்கல். கண்டென்சருக்குப் போட்டது நிலைமின் அலகு (பழைய சென்டிமீட்டர்-கிராம்-விநாடி முறையில் மின்னூட்டத்தை அடிப்படையாகக் கொண்ட பிரிவு); அதில் 1 செ.மீ. என்பது 1.1126 பிக்கோஃபாரட். காயிலுக்குப் போட்டது மின்காந்த அலகு (அதே முறையில் காந்த விளைவை அடிப்படையாகக் கொண்ட பிரிவு); அதில் 1 செ.மீ. என்பது சரியாக 1 நானோஹென்றி. பெருக்கவே வேண்டாம், மூன்று சைபரை வெட்டினால் மைக்ரோஹென்றி வந்துவிடும். ஆக உங்கள் காயில் 200 மைக்ரோஹென்றி, கண்டென்சர் 556 பிக்கோஃபாரட்.

11 சதவீதம் கூடிய காயில், அலைவெண்ணைச் சுமார் 5 சதவீதம் கீழே இழுக்கும். அதனால் 1000 கிலோஹெர்ட்ஸில் வரும் ஸ்டேஷனை டயலில் 1050-க்குப் பக்கத்தில் பிடித்திருப்பீர்கள்.

காயிலைத் தூக்கிப் போடவேண்டாம். 5 செ.மீ. விட்டக் குழாயில், செ.மீ.க்கு 15 சுற்று வீதம் ஒற்றை அடுக்காகச் சுற்றியிருந்தால் 84 சுற்றுக்கு ஏறக்குறைய 221 மைக்ரோஹென்றி, 78 சுற்றுக்கு 201. ஆறு சுற்றைக் கழற்றவேண்டும். 'சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்' என்ற பாடப்புத்தக விதிப்படி பார்த்தால் நான்கே சுற்று போதும் என்று வரும். அது காயிலின் நீளம் மாறாதபோது. இங்கே சுற்றைக் கழற்றும்போது நீளமும் சுருங்குகிறது, அதனால் குறைவது மெதுவாகவே நடக்கும். ஒற்றை அடுக்குக் காயிலின் மைக்ரோஹென்றியைக் கணிக்கும் வீலர் சூத்திரம் இதையும் சேர்த்தே பார்க்கிறது. செ.மீ.யில் அது இப்படி: ஆரத்தின் வர்க்கத்தையும் சுற்றின் வர்க்கத்தையும் பெருக்கி, (22.9 × ஆரம் + 25.4 × நீளம்) என்ற கூட்டுத்தொகையால் வகுத்தால் மைக்ரோஹென்றி. முதலில் ஐந்து சுற்றைக் கழற்றி அளந்துவிட்டு, ஆறாவதைத் தீர்மானியுங்கள்.

அளக்கும்போது கண்டென்சர் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். ஹென்றி அளக்கும் மீட்டரில் 100 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் வசதி இருந்தால் அதையே வையுங்கள்.

கேள்வி: மின்தூண்டல் எண்ணை (காயிலுக்கு ஹென்றியில் சொல்லும் அளவை) நீளத்தின் அலகில் சொல்வதே விநோதமாக இருக்கிறதே. 1 செ.மீ. கம்பிக்கு 1 செ.மீ. என்று பொருளா?

பதில்: இல்லை. 10 செ.மீ. நீளமுள்ள 0.6 மி.மீ. நேர்க் கம்பிக்கே மின்தூண்டல் எண் 110 செ.மீ.க்குக் குறையாது. மின்காந்த அலகு முறையில் வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறனை அலகில்லாத வெறும் 1 என்று வைத்துக்கொண்டார்கள். அதன்பின் காயிலின் வடிவமும் அளவும் மட்டுமே மிஞ்சுகின்றன, அதனால் அலகும் நீளத்தின் அலகாகிவிட்டது. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்: சுற்றின் எண்ணிக்கையை மாற்றாமல் ஆரத்தையும் நீளத்தையும் இரட்டித்தால், மேலே சொன்ன சூத்திரத்தில் விடையும் சரியாக இரட்டிக்கும்.

இந்த முறையில் ஓர் அழகும் உண்டு. காயிலின் செ.மீ.யையும் கண்டென்சரின் செ.மீ.யையும் அப்படியே பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 6.283-ஆல் பெருக்கினால் அலைநீளம் செ.மீ.யிலேயே கிடைக்கும். 2,00,000-ஐ 500-ஆல் பெருக்கினால் 10 கோடி, மூலம் 10,000, அலைநீளம் 62,830 செ.மீ., அதாவது 628 மீட்டர், 477 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகம் கணக்கில் தலைகாட்டவே இல்லை! ஒரு வரைபடத்தில் எந்தச் செ.மீ. என்று சந்தேகம் வந்தால் இதைப் போட்டுப் பாருங்கள். ரேடியோவின் அலைவரிசைக்குப் பொருந்தும் விடை வந்தால் உங்கள் வாசிப்பு சரி.

கேள்வி: பழைய நூல்களில் 'குவாட்ரன்ட்', 'செக்ஓம்' என்று வருகின்றனவே, அவை எத்தனை ஹென்றி?

பதில்: குவாட்ரன்ட் சுலபம், 1 ஹென்றி. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தை 10,000 கி.மீ. என்று கொண்டால் அது 100 கோடி செ.மீ. 1 ஹென்றியும் 100 கோடி செ.மீ. என்பதால் அந்தப் பெயர். 1889 பாரிஸ் மாநாட்டில் ஏற்றார்கள். 1893 சிகாகோ மாநாட்டில் ஜோசப் ஹென்றியின் பெயர் வந்து அதை ஓரங்கட்டியது.

பிரிட்டிஷ் மின்பொறியாளர்கள் அயர்டனும் பெர்ரியும் வைத்த செக்ஓம், பெயரிலேயே இருப்பதுபோல, ஒரு விநாடி × ஓர் ஓம். இதில் கவனம் தேவை, ஏனெனில் அது எந்த ஓம் என்பதைப் பொறுத்தது. 106 செ.மீ. பாதரசத் தூணை வைத்து வரையறுத்த 1884-இன் 'லீகல் ஓம்' என்றால் இன்றைய ஹென்றியைவிடச் சுமார் 0.2 சதவீதம் குறைவு. அதற்கும் முந்தைய பிரிட்டிஷ் அசோசியேஷன் ஓம் என்றால் 1.3 சதவீதம் குறைவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 1948-க்கு முன் அளவிட்ட, மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நிலையளவுக் காயில்களில் இருப்பது 'சர்வதேச ஹென்றி'. 1.00049-ஆல் பெருக்கவேண்டும்: 100 மில்லிஹென்றி 100.049 ஆகும். ஆய்வகத்துக்குத்தான் இது கவலை. ரேடியோ காயிலுக்கு வெயில் நேரத்தில் வரும் மாற்றமே இந்த அளவு இருக்கும்.

கேள்வி: பிரிட்டிஷ் கடற்படைக் கையேட்டில் காயிலுக்கு 'மிக்', கண்டென்சருக்கு 'ஜார்' என்று இருக்கிறது.

பதில்: 1 மிக் என்பது 1 மைக்ரோஹென்றி. 1 ஜார் என்பது 1000 செ.மீ., 1.11 நானோஃபாரட். இரண்டையும் பெருக்கி, மூலம் எடுத்து, 62.8-ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில். இதைவிட வம்பு, பழைய அமெரிக்க வரைபடங்களில் 'எம்.எச்.' என்று வருவது. மில்லியா, மைக்ரோவா என்பது எழுத்தைப் பார்த்துத் தெரியாது. மீடியம் வேவ் டியூனிங் காயில் என்றால் 200-ஐ ஒட்டியது மைக்ரோதான். மில்லி என்று எடுத்தால் அலைவெண் முப்பதில் ஒரு பங்காகிவிடும்.

கேள்வி: நிலைமின் அலகு முறையில் ஹென்றிக்கு இணை உண்டா?

பதில்: உண்டு, ஸ்டாட்ஹென்றி. ஒன்றுக்கு 89,875.5 கோடி ஹென்றி. தேர்வுத்தாளைத் தவிர வேறெங்கும் பார்க்கமாட்டீர்கள்.