ஒடுங்கிய கராஜுக்குத் தானே நுழையும் கார்

தம்பி, காத்தான்குடி வீட்டுக் கராஜ் ஒடுக்கம், உள்ளே விட்டால் கதவு திறக்க முடியவில்லை, வெளியே நின்றே நிறுத்தும் வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இடத்துக்கு அது உண்மையிலேயே உதவும். இறங்கி நின்று பொத்தானை அமர்த்திப் பிடித்தால் கார் மெல்ல நுழையும், விரலை எடுத்தால் நின்றுவிடும். ஐ.நா.வின் 79ஆம் இலக்க வாகன விதிப்படி நீங்கள் காரிலிருந்து 6 மீற்றருக்குள் நிற்க வேண்டும்.

சரி, என் பயமெல்லாம் வாசலில் தண்ணீர் ஓடும் கான்தான். காரிலுள்ள மீயொலி உணரி, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியை வைத்தே மதிலை அறியும். பள்ளத்தை அது கவனிக்காது. கல்லடியில் எங்கள் வாசலில் கொங்கிறீற் மூடி உடைந்திருந்த கிழமை முன்சில்லு அப்படியே கானுக்குள் இறங்கிவிட்டது. மெல்லிய கம்பியும் உணரியின் கவனத்துக்குத் தப்பிவிடலாம். முதலில் கானுக்கு நல்ல மூடி போடுங்கள், அப்புறம் கராஜ் அகலத்தை அளந்துகொண்டு கார் பார்க்கப் போங்கள்.