வாங்குவோர் கேள்வி-பதில்: வாஸ்லின் டப்பாவால் வீட்டில் என்னென்ன ஆகும்?

போன முறை கதவுக் கீல் கிறீச்சிடுவதற்கு பெட்ரோலியம் ஜெல்லி தடவச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம் பக்கத்தில் எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் 'வாஸ்லின்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மார்கழிப் பனியில் உதடு வெடிக்கும்போது வாங்கி, தை பிறந்ததும் அலமாரியில் மறந்துவிடும் பொருள் அது. வந்த கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கே: நாச்சியார்கோயிலில் வாங்கிய குத்துவிளக்கு. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது, பத்தே நாளில் கறுத்துப்போகிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுப்பாரா? (கும்பகோணம் வாசகி)

ப: மாற்றிக் கேட்காதீர்கள் அம்மா, விளக்கின் மேல் குற்றமில்லை. பித்தளையில் செம்பு இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் செம்பு கறுக்கும். ஆற்றங்கரை ஊரில் ஈரத்துக்குக் குறைவா? புளி போட்டுத் தேய்த்துக் கழுவியபின் வெயிலில் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். இடுக்கில் ஈரம் நின்றால் அதையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். அப்புறம் பட்டாணி அளவு வாஸ்லினைப் பழைய பருத்தித் துணியில் எடுத்துத் தண்டிலும் பாதத்திலும் தேய்த்து, இன்னொரு துணியால் துடைத்துவிடுங்கள். கையில் பிசுபிசுப்புத் தெரியாத அளவுக்குத்தான் இருக்க வேண்டும். கூடினால் தூசி ஒட்டும். எண்ணெய் ஊற்றித் திரி போடும் மேல் தட்டில் தடவ வேண்டாம், அங்கே நெருப்பு இருக்கிறது. கொலு முடிந்து பரணில் ஏற்றும் பித்தளைச் சாமான்களுக்கும் இதையே செய்யலாம்.

இந்த ஒரு பதிலில் வாஸ்லினின் வேலை முழுதும் அடங்கிவிட்டது. அது தண்ணீரை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. மேலே ஒரு திரை போடுவது மட்டும்தான் அதன் வேலை. கீழே வரும் பதில்களை எல்லாம் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கே: இன்வெர்ட்டர் பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. பார்க்க வந்தவர் 'ஸ்பெஷல் ஜெல்லி' என்று ஒரு சின்ன டப்பாவுக்கு 250 ரூபாய் வாங்கிவிட்டார். (வேதாரண்யம்)

ப: உங்களிடம் வாங்கியது அநியாய விலை. முனைக்குத் தடவ சாதாரண வாஸ்லினே போதும். உப்பளக் காற்று அடிக்கும் ஊர் உங்களுடையது, பேட்டரியின் அமிலப் புகையோடு அதுவும் சேர்ந்தால் சீக்கிரம் பூக்கும். அடுத்த முறை நீங்களே செய்யலாம். இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பேட்டரி மூடிகள் இறுக்கமாக மூடியிருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஈரம் போகத் துடைத்து, முனைகளை மாட்டி முறுக்கியபின் (நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள்) மேலே வாஸ்லின் பூசுங்கள். முறுக்குவதற்கு முன்னால் உள்ளே அப்பிவிடாதீர்கள், உலோகமும் உலோகமும் நேராகத் தொட வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். அமிலம் கண்ணில் தெறித்தால் எந்த ஜெல்லியாலும் ஆகாது.

கே: தினம் தடவினால் முகச் சுருக்கம் நீங்குமா? (மயிலாடுதுறை)

ப: நீங்காது.

கே: எங்கள் ஊர்ப் பக்கம் கச்சா எண்ணெய்க் கிணறு இருக்கிறது. அந்த எண்ணெயிலிருந்துதான் இதையும் எடுக்கிறார்கள் என்கிறான் மகன். பெட்ரோலைக் குழந்தைக்குத் தடவுவதா? (நன்னிலம்)

ப: கச்சா எண்ணெயிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் அது பெட்ரோல் அல்ல. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊருக்கு ராபர்ட் செஸ்புரோ என்ற வேதியியலாளர் போனார். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் மெழுகு போல ஒன்று படிந்து வேலையைக் கெடுக்கிறது என்று தொழிலாளர்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் வெட்டுக்காயம் பட்டால் அதையே எடுத்துத் தடவிக்கொள்ளவும் செய்தார்கள். அவர் அதை எடுத்துவந்து பல வருஷம் சுத்தம் செய்து பார்த்து, 1872-இல் காப்புரிமை வாங்கினார். வாஸ்லின் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

நரிமணத்தில் எடுப்பதாக இருந்தாலும் வேறெங்கோ எடுப்பதாக இருந்தாலும், பூமியிலிருந்து வருவதை அப்படியே தோலில் தடவ முடியாது. நன்றாகச் சுத்திகரித்த பிறகுதான் தோலுக்கு ஆகும். குழந்தைக்கு வாங்கும்போது மணமும் நிறமும் இல்லாத வெள்ளை ஜெல்லியாக, லேபிளில் 'ஐ.பி.' என்று போட்டதாகப் பாருங்கள். இந்திய மருந்தியல் நூல் சொல்லும் தரத்துக்கு அது குறியீடு. அரைக்கட்டில் ஈரத் துணி பட்டுச் சிவக்கும் இடத்துக்கு நல்லது. வேர்க்குருவுக்கு மட்டும் போடாதீர்கள், வியர்வை வரும் வழியை இன்னும் அடைக்கும்.

இதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று தொழிற்சாலைகளுக்குப் போகும் ஜெல்லியில் இரண்டு கிலோ வாங்கிவந்தேன். திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை. லேபிளே இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் யாரும் அதைத் தோலில் தொடவே கூடாது என்று தோட்டத்துக் கொட்டகையில் வைத்துவிட்டேன். மண்வெட்டியிலும் கருக்கரிவாளிலும் துரு ஏறாமல் இருக்க அதைத்தான் தடவுகிறேன். அறுப்பு முடிந்து சேறு போகக் கழுவி, காயவைத்து, பூசிச் சாக்கில் சுற்றி வைத்தால் அடுத்த பட்டம் வரை துரு அண்டாது. ஆனால் பம்புசெட் மோட்டார் பேரிங்குக்கு இதைப் போடாதீர்கள். ஐம்பது அறுபது டிகிரி சூட்டுக்குள் உருகி ஓடிவிடும். அதற்குக் கிரீஸ்தான்.

கே: குக்கர் கேஸ்கட் இறுகிவிட்டது. தடவலாமா? (திருவையாறு)

ப: கூடாது. ரப்பரில் இந்த எண்ணெய் ஊறினால் அது உப்பித் தளர்ந்துவிடும். குக்கர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி கேஸ்கட்டைப் புதிதாக வாங்குங்கள். குழாய் வாஷர், ரப்பர் கையுறை, எல்லா ரப்பருக்கும் இதே பதில்தான்.

கே: இணையத்தில் படம் பார்த்துப் பெரிய டப்பா என்று வாங்கினேன். வந்ததில் 100 கிராம்தான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள். வழக்குப் போட முடியுமா? (பட்டுக்கோட்டை)

ப: நீங்கள் அனுப்பிய விளம்பரப் பக்கத்திலேயே 'நிகர எடை 100 கிராம்' என்று இருக்கிறதே, தம்பி. படத்தைப் பார்த்தீர்கள், எடையைப் பார்க்கவில்லை. இதே போலக் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. எடையைப் படிக்காமல் வாங்கிவிட்டு வழக்கு என்று கேட்டால் நான் என்ன செய்ய?

ஆனாலும் அந்த டப்பாவைச் செய்தவர் மேல் எனக்கு உங்களைவிடக் கோபம் அதிகம். சில வருஷங்களுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு பொருட்காட்சியில் 'மூலிகை ஜெல்லி' என்று கனமான ஜாடி ஒன்றை 350 ரூபாய் கொடுத்து அம்மாவுக்கு வாங்கினேன். குதிகால் வெடிப்பில் அவர் ராத்திரியெல்லாம் அவதிப்பட்ட நேரம். நாலாம் நாள் விரலை விட்டுப் பார்த்து, "அடி தட்டுதே, இவ்வளவுதானா?" என்று கேட்டார். திருப்பிப் பார்த்தேன். ஜாடியின் அடியில் விரற்கடை ஆழத்துக்குக் குழி. பக்கச் சுவர் இரண்டு அடுக்கு, நடுவில் வெறும் காற்று. உள்ளே இருந்தது 60 கிராம். பச்சை நிறமும் வாசனையும் போக மீதி அத்தனையும் சாதாரண வாஸ்லின்தான். அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் என்னால் சுருக்கமாக எழுத முடிவதில்லை.

பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, தயாரித்த மாதம் வருஷம், தயாரிப்பவர் பெயர் முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இப்போது யூனிட் விலையும் அச்சிட வேண்டும். அதாவது ஒரு கிராம் என்ன விலை என்பது. பொடி எழுத்தில் ஓரமாகத்தான் இருக்கும், தேடிப் படியுங்கள். கணக்குக்குச் சொல்கிறேன்: 20 கிராம் டப்பா 30 ரூபாய் என்றால் கிராம் ஒன்றரை ரூபாய். 200 கிராம் டப்பா 180 என்றால் கிராம் 90 பைசா. வீட்டு வேலைக்கு வாங்குபவர் எதை எடுக்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். ஜாடியின் உயரமும் மூடியின் தங்க நிறமும் அந்தக் கணக்கில் வராது.

கற்றாழை, குங்குமப்பூ, வேம்பு என்று படம் போட்டவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஜெல்லியும் தண்ணீரும் சேராது. கற்றாழைச் சாறு முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். அப்படியானால் எவ்வளவு கலந்திருக்க முடியும் என்று யோசியுங்கள். வாசனை சேர்த்தது சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவும் செய்யாது. காசைக் கூடக் கொடுத்து அரிப்பை வாங்க வேண்டாம்.

கே: ஐப்பசி மழையில் வாசல் கதவு ஊதி, சாத்த முடியவில்லை. விளிம்பில் தடவலாமா? (பாபநாசம்)

ப: மரம் ஊதியதற்கு ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லுங்கள். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் வாஸ்லின் நல்லது. விளிம்பில் தடவினால் பிறகு பெயிண்ட் ஒட்டாது.

கே: ஊஞ்சல் சங்கிலி சத்தம், அலமாரிக்கு எறும்பு. இரண்டுக்கும் ஆகுமா? (மன்னார்குடி)

ப: ஆகும். சங்கிலியில் கொக்கி உராயும் இடத்தில் மட்டும் தடவுங்கள். கை பிடிக்கும் உயரத்தில் தடவினால் புடவையில் கறை ஏறும், எளிதில் போகாது. எறும்புக்கு, அலமாரிக் காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாகப் பூசுங்கள், தாண்டி ஏறாது. அலமாரி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் பலனில்லை. தூசி படிந்ததும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

கே: அப்பாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறோம். குழாய் பட்டு மூக்கு வறண்டு எரிகிறது. வாஸ்லின் வைக்கிறோம், சரிதானே? (திருத்துறைப்பூண்டி)

ப: இன்றோடு நிறுத்துங்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் இந்த எண்ணெய்ப் பொருள் சட்டென்று தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அந்தக் கையோடு சிலிண்டர் வால்வையும் தொடாதீர்கள். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் எது என்று மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மூக்குக்குள் தினமும் தடவிக்கொண்டு படுக்கும் வழக்கம் வேண்டாம். நாளடைவில் அது நுரையீரலுக்கு இறங்க இடமுண்டு. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தாலும் முதலில் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம். உடனே வாஸ்லின் வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும்.

கே: நடவுக்குப் போகிறவள் நான். சேற்றில் நின்று விரலிடுக்கெல்லாம் புண். ஊருக்குள் வேனில் வந்தவர்கள் மூன்று நாளில் ஆறும் என்று 'மூலிகைக் களிம்பு' மூன்று டப்பா 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வாஸ்லின் மாதிரிதான் இருக்கிறது. புண் அதிகமாகிவிட்டது. டப்பாவில் பேர் ஊர் எதுவும் இல்லை. (வலங்கைமான் பக்கம்)

ப: அம்மா, இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. கால் வலியோடு இருப்பவரிடம் வந்து மருந்து என்று சொல்லி விற்றது அவர்கள் குற்றம். முதலில் காலைப் பாருங்கள். அந்தக் களிம்பை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், காசு கேட்க மாட்டார்கள். சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது, அதற்குத் தனி மருந்து உண்டு. புண்ணின் மேல் வாஸ்லின் போன்றதை அப்பினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை வளரும். முழுதும் ஆறிய பிறகு, வயலில் இறங்கும் முன் நல்ல காலில், விரலிடுக்கிலும் பாதத்திலும் வாஸ்லின் பூசிக்கொண்டு இறங்குங்கள். சேற்றுத் தண்ணீர் தோலில் ஊறாமல் தடுக்கும். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் துணி விட்டு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் 450 ரூபாய். பேரும் முகவரியும் இல்லாமல் பொட்டலம் விற்பதே சட்டத்துக்கு விரோதம். நம் மாநிலத்தில் எடையளவு விதிகளைத் தொழிலாளர் துறை பார்க்கிறது, மருந்து என்று சொல்லி விற்றதை மருந்து ஆய்வாளர் பார்ப்பார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். விற்றவர் யார் என்று தெரிந்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. உங்கள் தெருவில் வாங்கிய மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேன் நம்பரை யாராவது போனில் படம் பிடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மூன்று டப்பாவில் ஒன்றைத் திறக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள்.