மேலே ஒரு ஸ்டியரிங், கீழே ஒரு ஸ்டியரிங், நடுவில் குழந்தைகள்

கேள்வி: எங்கள் படகில் மேல்தளத்தில் ஒரு ஸ்டியரிங்கும் கீழே கேபினுக்குள் இன்னொன்றும் இருக்கின்றன. நான் மேலே இருந்து ஓட்டும்போது நாலு வயது மகனும் ஒன்பது வயது மகளும் கீழே விளையாடுவார்கள். சமீபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்து கியர் லீவர் தானாக நகர்ந்தது. கீழே மகன் அதைப் பிடித்து இழுத்திருக்கிறான். கீழே இருப்பதைக் கட்டிப்போடலாமா?

பதில்: கட்டிப்போடாதீர்கள். மேலே லீவர் தானாக நகர்ந்தது என்கிறீர்களே, அப்படியானால் உங்களுடையது கேபிள் அமைப்பு. இரண்டு லீவர்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கீழே உள்ளதைக் கயிற்றால் கட்டினால் மேலே உள்ளதும் இறுகிவிடும். எதிரே ஒருவர் நீந்தி வருகிறார், நியூட்ரலுக்கு வரவேண்டும், லீவர் அசையாது. குழந்தை கைவைப்பதைவிட அது மோசம்.

கட்டுவதற்குப் பதில் மூடுங்கள். கீல் வைத்த கெட்டியான மூடி ஒன்றைச் செய்துகொள்ளலாம். துணி உறை போதாது, நாலு வயதுக் கைக்கு அது ஒரு தடையே இல்லை. மூடிக்குள்ளே லீவர் முன்னும் பின்னும் முழுத் தூரம் போய்வர இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் மேலே இயக்கும்போது அதுவும் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். மூடியின் கொக்கி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஆனால் பெரியவர் ஒரே இழுப்பில் திறக்கும்படி இருக்க வேண்டும். மேலே ஏதாவது பழுதானால் நீங்கள் ஓடிவந்து பிடிக்கப்போவது கீழே உள்ளதைத்தான், அப்போது சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது.

லீவர் நகர்ந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஸ்டியரிங் ஹைட்ராலிக்காக (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதாக) இருந்தால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. கீழே சக்கரத்தைத் திருப்பினால் சுக்கான் திரும்பும், மேலே உங்கள் சக்கரம் பெரும்பாலும் அசையாது. படகு வளைந்த பிறகுதான் தெரியவரும்.

எலக்ட்ரானிக் லீவர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதியாகிவிட வேண்டாம். அதில் ஒரு நேரத்தில் ஓர் இடத்து லீவர்தான் வேலை செய்யும், மற்றது பேசாமல் கிடக்கும், சரி. ஆனால் கட்டுப்பாட்டை மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. பல அமைப்புகளில் லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் அந்தப் பட்டன் ஏற்கும். படகைக் கரையில் அணைக்கும்போது நாம் அடிக்கொரு தரம் நியூட்ரலுக்கு வருவோம் இல்லையா? அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு விரல் பட்டனை அழுத்தினால் உங்கள் கையில் இருப்பது வெறும் பிடிதான். கட்டுப்பாட்டை ஓரிடத்திலேயே பூட்டிவைக்கும் ஸ்டேஷன் லாக் வசதி உங்கள் மாடலில் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் படகைக் கரையணைக்கும்போது கட்டாயம் போடுங்கள்.

லீவரும் சக்கரமும் பாதிக் கதைதான். படகைக் கரையில் நன்றாகக் கட்டிவிட்டு, மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று பெரியவர்கள் இரண்டு பேர் நில்லுங்கள். முதலில் சாவி மட்டும் போட்டு, பிறகு இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு, ஓட்டாத பக்கத்தில் எதெல்லாம் வேலை செய்கிறது என்று ஒவ்வொரு பட்டனாகப் பாருங்கள். (லீவரைச் சோதிக்க வேண்டாம், அதைத்தான் மகன் சோதித்துக் காட்டிவிட்டானே.) இன்ஜினை நிறுத்தும் பட்டன், ஓடும்போது படகின் சாய்வைச் சரிசெய்யும் ட்ரிம் டேப், ஆட்டோ பைலட், பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் எல்லாம் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கலாம்.

இதில் நான் அதிகம் பயப்படுவது நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மோட்டாருக்கு. முன்பக்கம் ஒருவர் குனிந்து சிக்கிய சங்கிலியை விரலால் எடுத்துவிட்டுக்கொண்டிருப்பார். கேபினுக்குள் குழந்தை ஒரு சுவிட்சைத் தட்டினால் சங்கிலி ஓடும், விரல் பல்சக்கரத்துக்குள் போகும். நங்கூர வேலை இல்லாத நேரமெல்லாம் அந்த மோட்டாரின் மின்சார பிரேக்கரை அணைத்தே வையுங்கள். சங்கிலியில் கைவைக்கும் முன்பும் அணையுங்கள். படகு ரேடியோவில் உதவி கேட்டு அழைக்கும் சிவப்பு அபாய பட்டனை மகன் அழுத்திவிட்டால் பதறி ரேடியோவை அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அவசர அழைப்புக்கான சேனல் 16இல் தவறுதலாகப் போன அழைப்பு என்று சொல்லி ரத்து செய்யுங்கள்.

அப்புறம், மகன் குறும்புக்காகத்தான் இழுத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படகு குலுங்கினால் குழந்தை கைக்கு எட்டியதைப் பிடிக்கும். லீவர் சரியாக அவன் உயரத்தில் இருக்கிறது. திட்டுவதைவிட, ஸ்டியரிங்கிலிருந்து தள்ளி, பிடித்துக்கொள்ள கம்பியோடு ஓர் உட்காரும் இடம் கொடுப்பதுதான் பலன் தரும். மகளுக்கு எந்த பட்டன் என்ன செய்யும் என்று சொல்லிக்கொடுங்கள். ஆனால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவள் தலையில் கட்டாதீர்கள்.

கீழே இன்னொரு பெரியவர் இல்லாத நாளில் நீங்களே கீழே இருந்து ஓட்டுங்களேன். பார்வை கொஞ்சம் குறையும், அதனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் ஏணியின் கதவையும் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இதே பிரச்சினை மாடிக்குப் போய்விடும். நங்கூரம் போட்டு யாராவது தண்ணீரில் இறங்கினால் இன்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மேலே சாவியில்லாமல் பட்டனாலேயே கிளப்பும் வசதி இருந்தால், கீழே சாவியை எடுத்ததும் அதுவும் செத்துவிடுகிறதா என்பதையும் அந்தச் சோதனையிலேயே பார்த்துவிடுங்கள்.