வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ஏழாம் மாதப் பிரஷருக்கு மூன்றாம் மாதத்தில் மாத்திரை

கேள்வி: முதல் பிரசவத்தில் பிரஷர் 170/110 வரை ஏறி, 31 வாரத்திலேயே குழந்தையை எடுத்துவிட்டார்கள். எடை 1.2 கிலோதான். இப்போது மறுபடியும் 9 வாரம். இந்தத் தடவையும் வருமா என்று முன்கூட்டியே தெரியுமா? ஆஸ்பிரின் கொடுப்பார்களாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆயிற்றே என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, தாயின் உறுப்புகளையும் பாதிக்கும் இந்தக் கோளாறுக்குப் பிரீ-எக்லாம்சியா என்று பெயர். அது வெளியே தெரிவது பெரும்பாலும் ஆறேழு மாதத்துக்குப் பிறகுதான் என்றாலும், கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடி வேர்பிடிக்கும்போதே. கருப்பைச் சுவரிலுள்ள சுருள் ரத்தக்குழாய்கள் அப்போது அகலமாக விரிய வேண்டும். குறுகலாகவே நின்றுவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. தாய்க்குப் பிரஷர், சிசுவுக்கு எடைக்குறைவு இரண்டும் பல நேரம் இங்கிருந்துதான் வருகின்றன.

அதனால்தான் பரிசோதனை 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள்வரை. உங்கள் வரலாறு, சராசரி பிரஷர், கருப்பை ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், நஞ்சுக்கொடி சுரக்கும் பிஎல்ஜிஎஃப் என்ற புரதத்தின் அளவு நான்கையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் பிரீ-எக்லாம்சியாவில் ஏறத்தாழ முக்கால்வாசியை இது காட்டிக்கொடுக்கும். கடைசி மாதத்தில் வருவது இதில் அவ்வளவாகச் சிக்காது.

பிரஷர் எடுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால்மேல் கால் வேண்டாம். இரண்டு கையிலும் இரண்டு தடவை எடுக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். சராசரிக்குக் கீழ் எண்ணை இரட்டித்து, மேல் எண்ணோடு கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். 130/85 என்றால் 100.

உங்கள் விஷயத்தில் இந்தக் கணக்குக்காகக் காத்திருக்கவே வேண்டாம். முன்பு வந்தது ஒன்றே ஆஸ்பிரின் தொடங்கப் போதும். 12 வாரத்தில், தள்ளிப்போனாலும் 16 வாரத்துக்குள் தொடங்கி, தினமும் இரவில், 36 வாரம்வரை. 2017இல் வெளியான ஆஸ்ப்ரி ஆய்வில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முந்தைய பிரீ-எக்லாம்சியா நூற்றுக்கு 4.3இலிருந்து 1.6ஆக இறங்கியது. இங்கே 100 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். அம்மாவிடம் சொல்லுங்கள்: இது வலிக்குப் போடும் அளவில் சிறு பங்குதான். வயிற்றுப்புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் மட்டும் முன்பே தெரிவியுங்கள். விட்டுவிட்டுப் போட்டால் பலன் குறையும்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பதியும் அன்றே, முந்தைய பிரசவம் எந்த வாரம், பிரஷர் எவ்வளவு, குழந்தை எடை எவ்வளவு என்று கர்ப்பப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 'முன்பு பிரஷர்' என்று மட்டும் இருந்தால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

கேள்வி: மனைவிக்கு 32 வாரம். மிஸ்ஸி (நர்ஸ்) டேப் வைத்து அளந்தால் வயிறு 28 செ.மீ. "நம்ம வீட்டுப் பெண்களுக்கு வயிறே சின்னதுதான்" என்கிறார் அம்மா. விட்டுவிடலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். 24 வாரத்துக்குப் பிறகு சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், இரண்டு முன்பின் ஆகலாம். நான்கு குறைந்தால் ஸ்கேன் அவசியம். அம்மா சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். அதில் வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள். ஊட்டம் குறைந்தால் சிசுவின் கல்லீரல் சேமிப்பு முதலில் கரையும், தலை பிறகுதான் பின்தங்கும். கூடவே தொப்புள்கொடி டாப்ளரும் வேண்டும். இரண்டு துடிப்புக்கு நடுவில் ரத்தம் முன்னே போகாமல் நின்றால் உடனே வார்டு, பின்னோக்கிப் போனால் இன்னும் அவசரம். எடை ஸ்கேனை இரண்டு வாரத்துக்குள் திரும்ப எடுக்காதீர்கள். அளவைப் பிழையே வளர்ச்சியைவிடப் பெரிதாகிவிடும்.

கேள்வி: உப்பைக் குறைத்தால் பிரஷர் வராதா? கால் வீங்குகிறதே?
– வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: உப்பைக் குறைத்து இதைத் தடுக்க முடியாது. மாலையில் கால் வீங்குவது பலருக்கும் உண்டு. முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண்முன் மினுமினுப்பு, வலது விலாவுக்குக் கீழ் வலி, சிசு அசைவு குறைவது, பிரஷர் 160/110 இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.